வலது குழல் நான் துடைத்தது

துப்பாக்கிக் குழல் துடைக்கும் துணி இப்போது டப்பாவில் வருகிறது. வட்ட வட்டமாக வெட்டி, அடுக்கி, மூடியில் ஒரு மான் படம் போட்டு விற்கிறார்கள். தருமபுரியில் நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையை இப்போது சங்கீதா நடத்துகிறார். போன வாரம் அந்த டப்பாவைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு அடுத்த நிமிடமே போனும் செய்தார்.

"அண்ணா, இதையே வாங்கிப் போட்டுடலாங்களா? இல்ல, நீங்க பண்ண மாதிரி துணி எடுத்து வெட்டிக்கிட்டே இருக்கணுமா? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் பனியன் போதும்ங்கிறாரு, ஒருத்தர் பழைய லுங்கிங்கிறாரு. நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா செவுத்துல ஒட்டி வெச்சுடுவேன்."

ஒரு தாளில் அடங்காது என்றேன்.

"எத்தன தாள்னாலும் எழுதுங்கண்ணா. ஒட்டறதுக்குச் செவுரு இருக்குது" என்றார். மாமியாருக்கு ஏற்ற மருமகள்.

எழுதுகிறேன். துணியைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி பொய் சொன்னது போலாகிவிடும். ஆகவே அந்தத் துணியால் நான் பட்ட அவமானத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். சுவரில் ஒட்டுவதா வேண்டாமா என்பது சங்கீதாவின் பாடு.

என் பெயர் மாதையன். பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆள். பத்தாவது முடித்ததும் பாப்பாரப்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கும் வேலை, மூன்று வருடம். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு, கொஞ்ச நாள் ஒரு லேத் பட்டறை, அங்கிருந்து இந்தக் கடை. இரும்பும் தெரிந்து துணியும் தெரிந்த ஆள் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு இப்போது முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். காட்டோரம் நிலம் வைத்துக்கொண்டு, பன்றியை விரட்ட உரிமம் வாங்கிய விவசாயிகள் ஒரு வகை. பட்டாளத்திலிருந்து வந்து, சொந்தத் துப்பாக்கியோடு வங்கி வாசலில் காவல் நிற்கிறவர்கள் இன்னொரு வகை. பழுது பார்ப்போம். வெளியூர் போகிறவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைக்க முடியாது என்று எங்களிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போவார்கள். அதை இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாப்பதும் எங்கள் வேலைதான்.

அப்போது கடை உரிமம் சங்கீதாவின் மாமியார் சரோஜா அம்மா பெயரில் இருந்தது. கணவர் போன பிறகு அவர்தான் முதலாளி. மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள். பழுது பார்த்த துப்பாக்கி வெளியே போகும் முன் குழலின் பின்பக்கம் அந்தத் தாளைப் பிடித்து, வெளிச்சம் உள்ளே ஏறும்படி சாய்த்து, முன்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒன்றும் பேச மாட்டார். தாளைக் கீழே வைத்தால் சரி என்று அர்த்தம். தாளை என் பக்கம் நீட்டினால் நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் "மாதையா." கொஞ்சம் கோபம் என்றால் "மாதையன்." ரொம்பக் கோபம் என்றால் "மாதையன் சார்." அந்த சார் பட்டம் எனக்கு முப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் துணி. எது ஆகாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்புக் காட்டுங்கள். முழுப் பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், ஊதினால் சாம்பல் பறக்கும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு உருகி நுனியில் ஒரு கறுப்பு மணி நிற்கும். அந்தத் துணி எண்ணெயைக் குடிக்காது. குழலுக்குள் இருக்கிற கரியைத் தன்னோடு எடுத்துவராமல் இங்கிருந்து அங்கே தேய்த்துவிட்டு வரும். இன்றைக்கு வருகிற லுங்கிகளில் பாதி அந்த ஜாதிதான். பழைய வேட்டி மெத்தென்று இருக்கும், ஆனால் நைந்த துணி. நூல் பிரிந்து உள்ளேயே நின்றுவிடும். காடாத் துணி முரடு. பாப்ளின் வழுக்கிக்கொண்டு போகும். துவட்டுகிற டவல் பஞ்சை உதிர்க்கும். பனியனைக் குறை சொல்ல மாட்டேன், எண்ணெயை நன்றாகக் குடிக்கும். கடைசியாக எண்ணெய் பூசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அழுத்தித் தேய்க்கும்போது இழுபடும், அதனால் கரி எடுக்க ஆகாது.

நல்லது ஃபிளானல். குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற அதே துணி. முழுப் பருத்தியாக, ஒரு பக்கமாவது மெல்லிய முடி எழும்பியிருக்க வேண்டும். அந்த முடிதான் கரியைக் கவ்வி எடுக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு நெருக்கமாகத் தெரிய வேண்டும். கட்டைவிரலால் நான்கைந்து முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்து, விரலில் பஞ்சு ஒட்டினால் வேறு கடைக்குப் போங்கள். நிறம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வெளியே வருகிற துணி கறுப்பாக வந்தால் வெடிமருந்துக் கரி, சாம்பல் நிறமாக வந்தால் ஈயம், செம்மண் நிறத்தில் வந்தால் துரு. பூப்போட்ட துணியில் இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது?

நான் ஃபிளானல் எடுக்கப் போகும் ஜவுளிக்கடையில் என்னைக் கண்டாலே தீப்பெட்டியை ஒளித்து வைப்பார்கள். "அண்ணே, போன தடவ ஒரு பீஸ் ஓரம் பூரா கருக்கிட்டுப் போயிட்டீங்க. குழந்தைக்கு எத்தன மாசம்னு கேட்டா துப்பாக்கிக்குங்கிறீங்க" என்பார் விற்பனையாளர்.

அளவு அடுத்த விஷயம். ஒரு தகரத்தில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு அதன்படிதான் வெட்டுவேன். துடைக்கிற கழியின் நுனியில் துணியைக் கோத்துக் குழலுக்குள் விட்டால், ஒரு கையின் அழுத்தத்துக்கு ஒரே சீராகப் போக வேண்டும். ஒற்றை விரலால் தள்ளினாலே போனால் துணி சின்னது, சும்மா ஊர்வலம் போய்விட்டு வரும். உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தால் பெரியது. பொம்மிடிப் பக்கத்து விவசாயி ஒருவர் வீட்டம்மாவின் ரவிக்கைத் துணி முழுவதையும் சுருட்டி உள்ளே அடித்து, அது பாதி வழியில் நின்றுவிட்டது. எடுக்க எனக்கு ஒரு பகல் ஆனது. துணி வெளியே வந்ததும் அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. துணியை உதறி, "இத எப்பிடிங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போறது?" என்றார்.

இன்னொன்று கஞ்சி. புதுத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி மேலேயே நிற்கும். தண்ணீரே இறங்காத துணியில் எண்ணெய் எங்கே இறங்கும்? அதனால் சலவைச் சோடா போட்டுத் துணியை வேகவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, பிறகுதான் வெட்டுவேன். காய்ந்த பிறகு சொட்டு விட்டால் விட்ட இடத்திலேயே காணாமல் போக வேண்டும். இந்த வேகவைக்கிற வேலையை ஜில்லாவில் வேறு யாரும் செய்ததில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

சின்னசாமி மொரப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் காவலர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார், சின்னப் பெண் சேலத்தில் நர்சிங் கடைசி வருடம். வீட்டில் சம்பளம் என்று வருவது இவருடையது மட்டும். ஒரு புரட்டாசியில் குடலிறக்க ஆபரேஷனுக்காக மூன்று மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் இரட்டைக் குழல் துப்பாக்கியை எங்கள் பெட்டகத்தில் வைக்கக் கொண்டுவந்தார்.

அவருக்கும் எனக்கும் துணியில் எப்போதும் தகராறு. அவர் பட்டாளத்தில் போட்டுத் தேய்ந்த காக்கிச் சட்டையைத்தான் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டு துடைப்பார். அதுவும் பருத்திதான், ஆனால் முடி இல்லாத துணி, சாயம் போட்ட துணி. அன்றைக்கும் மடியிலிருந்து ஒரு காக்கித் துண்டை எடுத்தார்.

"சின்னசாமிண்ணே, அத உள்ள வைங்க. என் துணியில நான் துடைச்சா மூணு மாசம் கழிச்சும் குழல்ல நீங்க மொகம் பாக்கலாம்" என்றேன்.

"என் துணிக்கு என்ன மாதையா கொறச்சல்? பனியிலயும் மணல்லயும் இதுதான் காப்பாத்துச்சு."

"அங்க உங்கள மேலதிகாரி காப்பாத்தியிருப்பாரு."

அவருக்குச் சுருக்கென்றது. "சரி, ஒண்ணு செய்வமா? ரெண்டு குழல் இருக்குது. வலது நீ துடை, இடது நான் துடைக்கிறேன். எண்ண ஒரே எண்ண. தைக்கு முன்ன வந்து பாத்துக்கலாம்" என்றார்.

அப்படியே செய்தோம். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு குழல். நான் ஃபிளானலில், அவர் காக்கியில். அம்மா கல்லாவிலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ் சீட்டு இருக்குதான்னு கேக்கட்டுங்களா?" என்றார். ரசீதில் "நல்ல நிலை" என்று எழுதிக் கொடுத்தேன்.

பெட்டகத்தில் இருப்பவற்றை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது கடையின் பழைய வழக்கம். அந்த வருடம் நான் அதையும் நிறுத்தினேன். திறந்தால் மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே போகும், என் துணியில் துடைத்தது சும்மா இருந்தாலே நன்றாக இருக்கும் என்று அம்மாவிடம் விளக்கம் சொன்னேன். "உங்க இஷ்டம்ங்க மாதையன்" என்றார். மாதையா மாதையன் ஆனதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மார்கழியில் சின்னசாமி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும், மொரப்பூர் பஸ் இன்னும் கால் மணி நேரத்தில் என்றார். நான் துப்பாக்கியைப் பிரித்து, தாளைப் பின்னால் பிடித்து, நேராக இடது குழலைப் பார்த்தேன். அவர் துடைத்த குழல். காக்கித் துணி எப்படியும் காட்டிக்கொடுத்திருக்கும், ஒரு புள்ளியாவது கிடைக்கும் என்று ஆசை. கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு உள்ளூர எரிச்சல்.

"பரவால்லண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு மடக்கிக் கையில் கொடுத்துவிட்டேன். வலது குழலைப் பார்க்கவில்லை. நான் துடைத்த குழலை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அம்மா அன்று வங்கிக்குப் போயிருந்தார்.

நான்காம் நாள் சின்னசாமி துப்பாக்கிப் பையோடு மறுபடி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. வங்கியிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி குழலைப் பார்த்திருக்கிறார். வலது குழல் முழுக்கத் துரு. சொந்தத் துப்பாக்கியைக்கூடப் பராமரிக்காத ஆள் என்று அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"மூணு நாள் டைம் குடுத்திருக்காங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். "கடைக்காரங்க என்ன நெலைமையில வாங்குனாங்க, என்ன நெலைமையில குடுத்தாங்கன்னு லெட்டர் கேக்கறாங்க. இல்லன்னா ஏஜென்சியில சொல்லி வேற ஆளப் போட்டுருவாங்க. இந்த வயசுல இனி எனக்கு எங்கம்மா வேல? பொண்ணு கடைசி வருசம்."

அம்மா குழலைப் பார்த்தார். தாளை என் பக்கம் நீட்டினார். நான் பார்த்தேன். உள்ளே கேழ்வரகு இறைத்தது போலப் புள்ளி புள்ளியாகச் செந்துரு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.  பார்த்த பிறகும் என் வாய் அடங்கவில்லை.

"நான் பாத்துத்தாம்மா குடுத்தேன். சுத்தமா இருந்துச்சு" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "உங்க காக்கித் துணிதாண்ணே காரணம். நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

"மாதையா, இது நீ துடைச்ச குழல். நான் துடைச்சது இடது."

"மூணு மாசம் ஆச்சு. எது யாரு துடைச்சதுன்னு யாருக்குண்ணே ஞாபகம்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. சின்னசாமி கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் கத்தவில்லை.

"பதினேழு வருசம் துப்பாக்கி புடிச்சவன் மாதையா. எந்தக் கை எந்தக் குழல்னு எனக்கு மறக்காது" என்றார். துப்பாக்கியை அம்மாவிடமே விட்டுவிட்டு, ஆபரேஷன் செய்த பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அம்மா ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். "பெட்டகத்தத் திறங்க மாதையன். உள்ள இருக்கறது எல்லாத்தையும் எடுங்க."

பத்துத் துப்பாக்கிகள் இருந்தன. எல்லாம் அந்த மழைக்காலத்தில் நான் துடைத்து வைத்தவை. ஒன்று ஒன்றாகப் பிரித்து மேசையில் வைத்தேன். அம்மா ஒன்று ஒன்றாகத் தாளைப் பிடித்துப் பார்த்தார். முதல் துப்பாக்கியில் துரு. இரண்டாவதில் துரு. நான்காவதுக்கு மேல் நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே செந்நிறப் புள்ளிகள், சிலதில் குறைவு, சிலதில் கூட. கடைசியில் சின்னசாமியின் துப்பாக்கியை எடுத்து இடது குழலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"இந்தக் கடையில மூணு மாசம் இருந்ததுல சுத்தமா இருக்கறது இந்த ஒரு குழல்தான். இது யாரு துடைச்சதுங்க, மாதையன் சார்?"

சார் வந்துவிட்டது. இனி ஒளிவதற்கு இடம் இல்லை.

"சின்னசாமிண்ணன் துடைச்சதும்மா" என்றேன். "வலது நான்."

அவர் என் மேசைக்குப் போனார். தகர டப்பாவில் நான் வெட்டி அடுக்கியிருந்த ஃபிளானல் துண்டுகளில் ஒன்றை எடுத்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதன் ஓரத்தை நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. இன்னொரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நாக்குல வைங்க சார்."

வைத்தேன். கரித்தது. ஊறுகாய்ப் பானை மூடிய துணி மாதிரி, உப்பும் சோடாவும் கலந்த கரிப்பு.

அந்த வருடம் மழை பொய்த்துப்போய், புரட்டாசிக்கு முன்பே குழாயில் நல்ல தண்ணீர் நின்றுவிட்டது. வந்த லாரித் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டோம். நான் புது ஃபிளானலைச் சோடாவில் வேகவைத்து, கடைக்குப் பின்னால் இருந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர். டீ போட்டால் திரிந்த மாதிரி ஆகும் தண்ணீர். அதுவும் கொஞ்சமாகத்தான் வந்தது என்று இரண்டே அலசலில் விட்டுவிட்டேன். சோடாவும் உப்பும் துணியிலேயே தங்கி, துணியிலிருந்து குழலுக்குப் போயின. ஐப்பசியில் தாமதமாக வந்த மழையின் ஈரம் மிச்ச வேலையைச் செய்துவிட்டது. நெருப்பில் காட்டிப் பார்த்தேன், சொட்டு விட்டுப் பார்த்தேன், விரலால் தேய்த்துப் பார்த்தேன். துணி சரியான துணிதான். அதைக் கெடுத்தது என் கை. சின்னசாமியின் காக்கியோ அவர் வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீரில் வருடக்கணக்கில் துவைத்தது.

"லெட்டர் எழுதுங்க சார். உங்க கையெழுத்துல" என்றார் அம்மா.

எழுதிக் கொடுத்தேன். "தண்ணீரில் இருந்த உப்பின் காரணமாகத் துரு ஏற்பட்டுவிட்டது" என்று முதல் வரி. படித்துவிட்டு, நிதானமாக நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"லெட்டரத் தண்ணி எழுதலைங்க. நீங்க எழுதறீங்க."

இரண்டாவது முறை எழுதினேன். "வலது குழலைத் துடைத்தது நான். சரியாக அலசாத துணியால் துடைத்ததால் துரு பிடித்தது. மாதம் ஒரு முறை திறந்து பார்க்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போதும் அந்தக் குழலை நான் பார்க்கவில்லை. சின்னசாமி அவர்கள் துடைத்த இடது குழல் குறையில்லாமல் இருக்கிறது." அம்மா கீழே தானும் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, "நாளைக்குக் காலையில நீங்களே கொண்டு போங்க. தபால்ல போடற லெட்டர் இல்ல இது" என்றார்.

அதே இரவு வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டிருந்தால் சுலபமாகப் போயிருக்கும், கடிதத்தை யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். காலையில் முதல் பஸ்ஸில் மொரப்பூர் போய், சின்னசாமியின் வீட்டில் முதலில் இறங்கினேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "உள்ள வாங்க" என்று சொல்லாமல் உள்ளே போனார். நியாயம்தான்.

சின்னசாமி கடிதத்தை வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். "டீ குடிக்கறயா?" என்றார். அவ்வளவுதான்.

வங்கியில் சோதனை அதிகாரி இளவயதுக்காரர், வெளி ஜில்லா. கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை வருஷ அனுபவம்னு சொல்றீங்க. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு குழலை மட்டும் எப்படிப் பார்த்தீங்க?"

"இன்னொண்ணு என் வேலைங்க சார். அதனால பாக்கல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்தார். துப்பாக்கியைச் சரிசெய்து கொண்டுவந்தால் சின்னசாமி அன்றிலிருந்தே வேலையில் சேரலாம், அவர் மேல் குறிப்பு எதுவும் போகாது என்றார். சின்னசாமி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். என் கண் கலங்கிவிட்டது, வெளியே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அந்தக் குழலை இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தேன். முதலில் வெண்கல பிரஷ், பிறகு எண்ணெயில் குழைத்த நைசான பாலீஷ், பிறகு காக்கித் துணி. ஆமாம், அவரிடமே ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். துரு போனது. வாய்ப்பக்கம் குண்டூசி முனை அளவில் இரண்டு குழி மட்டும் நின்றது. அதனால் கெடுதல் இல்லை, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போனார்.

மற்ற பத்துத் துப்பாக்கிக்காரர்களுக்கும் நானே ஆள் அனுப்பி வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, கண் முன்னால் தேய்த்துக் கொடுத்தேன். இரண்டு பேர் துப்பாக்கியை வேறு ஊர்க் கடைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், அதே ரவிக்கைக்காரர், "எங்க தாத்தா காலத்துத் துப்பாக்கிங்க இது. துரு இல்லாம குடுத்தீங்கன்னாதான் மாத்திட்டீங்களோன்னு எனக்குச் சந்தேகம் வரும்" என்று என்னைத் தேற்றினார்.

ஒரு வாரம் கழித்து அம்மா கல்லாவிலிருந்து, "மாதையா, டீ சொல்லு" என்றார். அன்றைக்குக் குடித்த டீ போல நான் எங்கும் குடித்ததில்லை.

சங்கீதா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டப்பாத் துணியைத் தாராளமாக வாங்கலாம். மான் படத்தை நம்பாமல், பிரித்ததும் ஒன்றை எடுத்து நூல் உருவி எரித்துப் பாருங்கள். சொட்டு விட்டுப் பாருங்கள். கழியில் கோத்துக் குழலுக்குள் தள்ளிப் பாருங்கள். எண்ணெயோ மருந்தோ தொடாத புதுத் துண்டை நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள். வீட்டில் துணி வேகவைக்கிறதாக இருந்தால் கடைசி அலசல் மழைத்தண்ணீரில் இருக்கட்டும். அந்த வருடத்துக்குப் பிறகு நான் மொட்டை மாடியில் ஒரு பேரல் வைத்து மழைத்தண்ணீர் பிடித்துத்தான் அலசினேன், பிறகு ஒரு குழலில்கூடத் துரு பார்க்கவில்லை. இதை நான் தைரியமாக எழுதலாம், பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதன் பிறகு சின்னசாமி எப்போது துப்பாக்கியைக் கொண்டுவந்தாலும் எங்களுக்குள் அதே ஏற்பாடு தொடர்ந்தது. வலது நான், இடது அவர். ஒருவர் துணியை ஒருவர் கிண்டல் செய்வதும் நிற்கவில்லை. "உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் அவர் கடைக்கு வந்தார். சின்னப் பெண்ணுக்குச் சேலத்திலேயே நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, இனித் துப்பாக்கி எதற்கு, கடையிலேயே விற்றுக் கொடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். துப்பாக்கியை என் மேசையில் வைத்தார். மடியில் கை விட்டு மிச்சமிருந்த ஒரே ஒரு காக்கித் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இன்னிக்கு எனக்குக் கை நடுங்குது மாதையா. ரெண்டு குழலும் நீயே துடைச்சுடு."

இடது குழலை அந்தக் காக்கித் துண்டால் துடைத்தேன், வலது குழலை என் ஃபிளானலால். துடைத்து முடித்ததும் கல்லாவுக்குப் போய் அம்மாவின் வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். சின்னசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பின்னால் பிடித்து, முதலில் வலது குழலைப் பார்த்தேன்.